சொல்லின் சேர்மானம்



சென்ற மாதம் இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று மன்னாரிலிருந்து வந்தது. "டீச்சர், நீங்கள் தந்த சொற்களை எல்லாம் பாடமாக்கிவிட்டேன். ஒவ்வொன்றாகக் கேட்டால் கருத்துச் சொல்வேன். இரண்டைச் சேர்த்து எழுதப் போனால் பிழைத்துப் போகிறது. ஏன்?" என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். இந்த மாதப் பாடம் அவருடைய கேள்விக்குத்தான். இதே கேள்விக்கு விடை தெரியாத காலத்தில் நான் செய்த ஒரு பிழையையும் இம்முறை சொல்ல வேண்டும். எழுதுவோமா விடுவோமா என்று பல நாள் யோசித்த விடயம் அது. முதலில் பாடம்.

வளர்ந்த பிள்ளையைப் பற்றி நம் வீடுகளில் சொல்வோமே, "பிள்ளை நல்லவன், சேர்மானம்தான் சரியில்லை" என்று. சொற்களுக்கும் அப்படிச் சேர்மானம் உண்டு. ஒரு சொல் எதனோடு சேரும், எதனோடு சேராது என்பதற்குப் பெரும்பாலும் காரணம் சொல்ல முடியாது. அந்த மொழியைப் பேசுகிறவர்கள் அப்படிச் சேர்த்துப் பழகிவிட்டார்கள். ஆங்கிலத்தில் இதற்குக் 'கொலொகேஷன்' என்று பெயர். பெயர் பெரிதாக இருந்தால் சேர்மானம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் இது நமக்குப் புதிதல்ல. சின்ன வகுப்பில் மரபுச் சொற்கள் படித்தது ஞாபகம் இருக்கும். யானை பிளிறும், குதிரை கனைக்கும். பூவைப் பறிப்போம், கூடையை முடைவோம். மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் எறிக்கிறது. வெயில் பெய்கிறது என்று மூன்று வயதுப் பிள்ளைகூடச் சொல்லாது. பாடப்புத்தகம் கைக்கு வருமுன்பே தாயின் இடுப்பில் இருந்து கேட்டுப் பழகியதுதானே.

ஊருக்கு ஊர் இது மாறவும் செய்யும். நான் கண்டிக்கு அருகே கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் கிளிநொச்சிக்குப் போனது. போன முதல் வாரம் பக்கத்து வீட்டு அம்மா சீப்பும் கையுமாக வந்து, "வா பிள்ளை, தலை இழுத்து விடுறன்" என்றார். நான் ஓடிப்போய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். எங்கள் லயத்தில் தலை சீவுவார்கள், யாரும் இழுக்க மாட்டார்கள். அந்த அம்மாவுக்கும் எனக்கும் தாய்மொழி ஒன்றுதான். அதிலேயே இந்தக் கூத்து என்றால் ஆங்கிலத்தில் கேட்கவா வேண்டும்?

இப்போது கண்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஒரு சிறிய வகுப்பு நடத்துகிறோம். கட்டுகஸ்தோட்டை, பேராதனை, ஹந்தானை என்று பல பக்கத்திலிருந்தும் பதினைந்து பேர் வரை வருவார்கள். ஹந்தானையிலிருந்து வரும் ஒரு தங்கை, தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போகிற பாதையில் சின்னத் தேநீர்க்கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டுக்காரர் போய்வருகிற பாதை என்பதால் பலகையில் ஆங்கிலத்தில் 'பவர்ஃபுல் டீ' என்று எழுதிப் போட்டார். போகிறவர்கள் நின்று சிரித்துப் படம் எடுக்கிறார்கள், ஏன் டீச்சர் என்று கேட்டு வந்தார்.

அகராதியைப் பார்த்தால் அவர் மேல் பிழை இல்லை. 'பவர்ஃபுல்' என்றாலும் வலிமையான, 'ஸ்ட்ரோங்' என்றாலும் வலிமையான. ஆனால் தேநீரோடு சேருவது 'ஸ்ட்ரோங்' மட்டுமே. வாகன எஞ்சின் என்றால் 'பவர்ஃபுல்' சேரும். நாங்கள் தமிழில் 'கடும்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கடும் சாயம், கடும் மழை, கடும் காற்று, கடும் காய்ச்சல் என்று சமாளித்து விடுகிறோம். ஆங்கிலத்தில் சாயத்துக்கு 'ஸ்ட்ரோங் டீ', மழைக்கு 'ஹெவி ரெயின்', காற்றுக்கு 'ஸ்ட்ரோங் விண்ட்', காய்ச்சலுக்கு 'ஹை ஃபீவர்'. 'ஹெவி ஃபீவர்' என்று டொக்டரிடம் சொன்னால் அவருக்கு விளங்கும், ஆனாலும் காதில் இடறும்.

வேடிக்கை என்னவென்றால், 'ஸ்ட்ரோங் டீ' சரி, 'பவர்ஃபுல் டீ' சரியில்லை என்ற இதே உதாரணத்தை ஹாலிடே என்ற பிரித்தானிய மொழியியல் அறிஞர் 1966 இல் ஒரு கட்டுரையில் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். அவருக்கு ஆசிரியராக இருந்தவர் ஃபேர்த். ஒரு சொல்லின் கருத்தில் ஒரு பங்கு அது எந்தச் சொற்களோடு கூடித் திரிகிறது என்பதில்தான் இருக்கிறது என்று வற்புறுத்தியவர் அவர். லாகூரில் படிப்பித்தவர். 1934 இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றியும் ஒரு சிறு கட்டுரை எழுதியிருக்கிறார். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலை பயிரிடத் தொடங்கிய லூல்கந்துர தோட்டமும் இதே கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. "உங்கட பலகையில இருக்கிற பிழை சாதாரண பிழை இல்ல, பெரிய படிப்பாளிகள் எடுத்துப் பேசின பிழை" என்று தங்கையிடம் சொன்னேன். அவர் பலகையை மாற்றவே இல்லை. படம் எடுக்க நிற்கிறவர்கள் தேநீரும் குடித்துவிட்டுப் போகிறார்களாம்.

இன்னொருவர் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். 'மேக் த பெட்' என்றால் கட்டில் செய்யச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பயந்து போயிருந்தார். படுக்கை விரிப்பை இழுத்துச் சீராக்குவதைத்தான் அப்படிச் சொல்வார்கள். கோப்பை கழுவுவது 'டூ த டிஷஸ்'. உடுப்புத் தோய்ப்பது 'டூ த வாஷிங்'. சமைப்பது 'மேக் டின்னர்'. பிழை விடுவது 'மேக் எ மிஸ்டேக்'. நமக்கு எல்லாமே 'செய்' தான். புதிதாக ஒன்று உருவானால் 'மேக்', இருக்கிற வேலையைச் செய்து முடித்தால் 'டூ' என்று ஓரளவுக்குச் சொல்லலாம். அந்த விதியை முழுதாக நம்பினால் கையை விரித்துவிடும். மருந்து உறையில் 'டேக்' என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாங்கள் குளிசையைப் போடுவோம், குடிப்போம். அவர்கள் எடுப்பார்கள்.

ஆகவே மன்னார்ச் சகோதரிக்கு என் பதில்: கொப்பியில் 'ரெயின்' என்று தனியே எழுதாதீர்கள், 'ஹெவி ரெயின்' என்று எழுதுங்கள். 'மிஸ்டேக்' என்று எழுதாமல் 'மேக் எ மிஸ்டேக்' என்று எழுதுங்கள். ஒரு சொல்லைப் படிக்கிற அன்றைக்கே அதன் கூட்டாளியையும் படித்து விட்டால் பிறகு தேடி அலைய வேண்டியதில்லை.

வெட்கப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'ஓஃப் த லைட்', 'வட் டு டூ' என்றெல்லாம் நம் நாட்டில் பேசுவதைச் சிலர் பிழை பிழை என்று திருத்துவார்கள். இலங்கையருக்கென்று ஓர் ஆங்கிலம் உண்டு, அதற்கும் ஒழுங்கு உண்டு என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த திரு கந்தையா எழுதியிருக்கிறார். 2007 இல் மைக்கல் மெய்லர் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். நமக்குள் பேச அந்த ஆங்கிலம் தாராளமாகப் போதும். ஆனால் நம் கடிதத்தை நம்மை அறியாத ஒருவர் எங்கோ இருந்து வாசிக்கப் போகிறார் என்றால் கவனம் வேண்டும். அவர் நம் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. திருப்பிக் கேட்கவும் மாட்டார்.

என் பிழை அப்படிப்பட்ட ஒரு கடிதத்தில் நடந்தது.

2009 நடுப்பகுதியில் நாங்கள் செட்டிகுளம் முகாமில் இருந்தோம். எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் எழுத வரும் என்று தெரிந்ததும் கூடார வாசலில் ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கினார்கள். தாள் இருந்தால் பேனை இருக்காது, பேனை இருந்தால் தாள் இருக்காது. மூன்று கூடாரம் தள்ளி இருந்த ஓர் அக்கா ஒரு நாள் வந்தார். மே மாதம் வட்டுவாகல் கடந்து வந்தபின் அவருடைய கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. "என்ர மனுசனைத் துலைச்சுப்போட்டு நிக்கிறன் பிள்ளை. தேடித் தரச் சொல்லி எழுதித் தாரும்" என்றார்.

நான் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். துலைத்தல் என்றால் 'லூஸ்'. துலைத்துவிட்டேன் என்றால் 'லொஸ்ட்'. 'ஐ லொஸ்ட் மை ஹஸ்பன்ட் இன் மே 2009' என்று முதல் வரி. இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. அதற்குக் கீழே, உதவி செய்யுங்கள் என்று 'ப்ளீஸ் ஹெல்ப் மீ'. தேடித் தாருங்கள் என்ற சொல்லை நான் எழுதவில்லை. துலைத்தேன் என்றால் தேடத்தானே வேண்டும், அதைத் தனியாக எழுத வேண்டுமா என்று நினைத்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு நிவாரண நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது. 'வி ஆர் சொறி ஃபோர் யுவர் லொஸ்' என்று தொடங்கியிருந்தது. 'லொஸ்' என்றால் வியாபார நட்டம் என்று மட்டுமே எனக்கு அப்போது தெரியும். கூடவே ஒரு படிவம். அதில் இருந்த 'விடோ' என்ற சொல் எனக்குத் தெரியும், விதவை. கணவர் இறந்த திகதியை எழுதிக் கையெழுத்திட்டால் தையல் இயந்திரம் கிடைக்கும் என்று இருந்தது. அக்கா நான் வாசித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு கேட்டார், "நீர் என்னவெண்டு எழுதினனீர்?" நீங்கள் சொன்னதைத்தான் எழுதினேன், அவர்கள்தான் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

அவர் படிவத்தை நாலாக மடித்தார். "பொட்டு வைச்சிருக்கிறன் பிள்ளை. இதில எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?" என்றார். கையெழுத்து வைக்கவில்லை. எங்கள் வரிசையில் வேறு பெண்களுக்கு இயந்திரம் வந்தது. அவருக்கு வரவில்லை. தேடித் தரும்படி கேட்ட கடிதமோ யாருடைய கோப்பிலோ இறந்தவர் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

2010 இல் நான் கண்டிக்குத் திரும்பி வந்து உறவினர் வீட்டில் தங்கினேன். அடுத்த வருடம் ஒரு நாள் டி. எஸ். சேனாநாயக்க பொது நூலகத்தில் தடித்த அகராதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோது 'லூஸ்' என்ற சொல் கண்ணில் பட்டது. ஏறக்குறைய ஒரு பக்கம் முழுக்க அந்தச் சொல்தான். சாவியோடு சேர்ந்தால் தொலைத்தல். வழியோடு சேர்ந்தால் வழி தவறுதல். உடல் நிறையோடு சேர்ந்தால் மெலிதல். வேலையோடு சேர்ந்தால் வேலை போதல். கணவன், தாய், பிள்ளை என்று நெருங்கிய உறவோடு சேர்ந்தால் அவர் இறந்து போனார் என்று கருத்து. அந்தப் பக்கத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. நிறுவனத்துக்காரர் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை. நான் எழுதியதைச் சரியாகவே விளங்கியிருந்தார்கள். தமிழில் துலைத்தவள் தேடுவாள். ஆங்கிலத்தில் அந்தச் சேர்மானத்துக்குப் பிறகு தேட ஒன்றும் இல்லை.

அதன் பக்கத்தில் இன்னும் இரண்டு சொல் சேர்ந்தால் அதுவும் மாறும். பெரஹரா கூட்டத்தில் பிள்ளை கைநழுவிப் போனால் 'ஐ லொஸ்ட் மை சன் இன் த க்ரௌட்' என்று பொலிஸாரிடம் சொல்லலாம். கூட்டத்தில் என்று சேர்த்ததால் உடனே தேடுவார்கள். நான் சேர்க்காமல் விட்டது அந்த மாதிரி ஒரு துண்டைத்தான்.

அந்த அகராதியின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதை முதலில் ஆக்கியவர் ஹோர்ன்பி என்ற ஆங்கிலேயர், யப்பானில் ஆங்கிலம் படிப்பித்தவர். அங்கே பிள்ளைகள் சொற்களின் கருத்தை நன்றாகப் பாடமாக்கினார்கள், ஆனால் சேர்த்து எழுதும்போது நம்மைப் போலவே தடுமாறினார்கள். அவருக்கு முன்னோடியான பாமர் 1933 இல் டோக்கியோவில் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தார். ஹோர்ன்பியின் அகராதி 1942 இல் யப்பானில் அச்சானது. பிரித்தானியாவும் யப்பானும் யுத்தம் செய்துகொண்டிருந்த காலம். இரண்டு வருடத்தில், யப்பானுக்கு எதிரான படைகளின் தலைமையகத்தை மவுண்ட்பேட்டன் பேராதனைக்குக் கொண்டுவந்தார். யுத்தம் முடிந்தபின், 1948 இல், ஒக்ஸ்போர்ட் அச்சகம் அதே அகராதியை வெளியிட்டது. சேர்மானத்துக்கென்றே தனியான ஒக்ஸ்போர்ட் அகராதி 2002 இல் வந்தது. நூலகங்களில் கேட்டுப் பாருங்கள்.

இனி, எங்களில் பலருக்குத் தேவைப்படும் வரிகள். இவற்றை அப்படியே கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணவரையோ பிள்ளையையோ காணவில்லை என்று எழுதும்போது 'லொஸ்ட்' வேண்டாம். 'மை ஹஸ்பன்ட் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் மே 2009' என்று எழுதுங்கள். அன்று தொட்டு இன்றுவரை காணவில்லை என்று கருத்து. கடைசியாகக் கண்ட இடத்தை 'ஹீ வோஸ் லாஸ்ட் சீன் அட்' என்று தொடங்கி எழுத வேண்டும். இந்த 'லாஸ்ட்' கடைசி என்பது, 'லொஸ்ட்' அல்ல. எழுத்தில் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம், இரண்டு தரம் பாருங்கள். யாராவது கூட்டிக்கொண்டு போனதைக் கண்டிருந்தால் 'ஹீ வோஸ் டேக்கன் அவே'. 'ஹீ வென்ட் அவே' என்று எழுதினால் தானாகப் போய்விட்டார் என்றாகிவிடும்.

தமிழிலும் இந்த வித்தியாசத்துக்காகத்தான் காணாமல் போனவர் என்று சொல்ல மறுத்து, காணாமல் ஆக்கப்பட்டவர் என்று சொல்கிறோம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் அமர்ந்த தாய்மார் பிடித்துக்கொண்ட சொல் அது. ஆங்கிலத்தில் 'டிஸ்அபியர்' என்றால் தானாக மறைதல். ஒருவரை இன்னொருவர் அப்படிச் செய்தார் என்று சொல்லப் பழைய இலக்கணம் இடம் தராது. 1977 இல் ஆர்ஜென்டினாவில் பிள்ளைகளைத் தேடித் தாய்மார் மாயோ சதுக்கத்தில் கூடத் தொடங்கினார்கள். தென்னமெரிக்காவில் நடந்ததை எழுதப் போய் ஆங்கிலமும் 'வோஸ் டிஸ்அபியர்ட்' என்று எழுதப் பழகிக்கொண்டது. சட்டத்தில் இதன் சேர்மானம் 'என்ஃபோர்ஸ்ட் டிஸ்அபியரன்ஸ்'. 2006 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற உடன்படிக்கையிலும், 2018 இல் நம் நாட்டில் நிறைவேறிய சட்டத்திலும் இந்த இரண்டு சொல்லும் சேர்ந்தே இருக்கின்றன. இதை வகுப்பில் படிப்பித்த அன்று, கட்டுகஸ்தோட்டையிலிருந்து வரும் சிங்களச் சகோதரி ஒருவர் கை உயர்த்தினார். 1989 இல் அவருடைய அண்ணனைக் கொண்டுபோனார்களாம். "சிங்களத்திலும் 'அதுருதஹன்' என்று மட்டும் சொன்னால் யார் செய்தது என்று வராது" என்றார். அன்று அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை.

இன்னொன்று 'சேர்ட்டிபிகேட் ஒஃப் எப்சன்ஸ்'. 2016 இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் கிடைப்பது. பள்ளிக்கூட இடாப்பில் 'எப்சன்ட்' என்று போடுவார்களே, அதே சொல்தான். இறந்துவிட்டார் என்று நாங்கள் ஒப்புக்கொள்ளாமல், ஆள் காணக்கிடைக்கவில்லை என்று காட்டி வங்கி, காணி போன்ற அலுவல்களைப் பார்ப்பதற்கானது. 'டெத் சேர்ட்டிபிகேட்' வேறு, இது வேறு. படிவத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். ஆங்கிலத்தில் யாரிடமாவது எழுதுவித்தால் உங்கள் தமிழ்க் கடிதத்தையும் சேர்த்து அனுப்புங்கள். எழுதித் தருகிறவர் என்னைப் போல ஒருத்தியாகவும் இருக்கலாம்.

காணாமற் போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 இல் வேலை தொடங்கிய பிறகு அந்த அக்கா கண் காட்டுவதற்காகக் கண்டி வைத்தியசாலைக்கு வந்தார். இரண்டு நாள் என் வீட்டில் தங்கினார். பழைய கடிதத்தின் பிரதியைப் பொலித்தீன் பையில் வைத்திருந்தார். நான் அன்றுதான் அவரிடம் உண்மையைச் சொன்னேன், பிழை அவர்களுடையதல்ல, என்னுடையது என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மாத்தி எழுதும்" என்றார்.

இரவு இருவரும் இருந்து எழுதினோம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. முடிவில் 'ஐ ஆம் ஸ்டில் லுக்கிங் ஃபோர் மை ஹஸ்பன்ட்' என்று போட்டேன். 'லுக்' என்றால் பார்த்தல், அதோடு 'ஃபோர்' சேர்ந்தால் தேடுதல். அதை விளங்கப்படுத்தியதும் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை விளக்கருகே கொண்டுபோனார். "இதில தேடுறன் எண்டு கிடக்கிறது எந்த இடம்? விரலை வைச்சுக் காட்டும்." காட்டினேன். அந்த மூன்று சொல்லையும் பழைய கடிதத்தின் பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டார். இன்றுவரை அவருக்குப் பதில் வரவில்லை.

இம்மாதப் பயிற்சி: 'லுக் ஃபோர்' பார்த்தீர்கள். 'லுக் ஆஃப்டர்', 'லுக் அட்' ஆகிய இரண்டுக்கும் கருத்தைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டில் நடப்பதை வைத்து ஒரு வசனம் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் 'டேக்' என்ற சொல்லின் சேர்மானத்தைப் பார்ப்போம்.